கர்நாடக கார், தமிழ்நாட்டு வரி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: நான் ஓசூரில் இருக்கிறேன். பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மச்சான், 2020-ல் 7.5 லட்சம் ஷோரூம் விலைக்கு வாங்கிய காரை எனக்கு 4 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். கே.ஏ. எண் வண்டி. கடன் முடிந்துவிட்டது. அவர் லைஃப் டேக்ஸ் (வண்டியின் ஆயுளுக்கும் சேர்த்து முதலிலேயே மொத்தமாகக் கட்டும் வரி) கட்டியிருக்கும்போது நான் இங்கே மறுபடியும் கட்ட வேண்டுமா? தெரிந்த புரோக்கர் ஒருவர், "ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே ஓட்டுங்க" என்கிறார்.

பதில்: ஆமாம், கட்டத்தான் வேண்டும். வண்டியின் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் வண்டி வரி அந்தந்த மாநிலத்தின் வருமானம். உங்கள் மச்சான் கட்டியது கர்நாடகத்துக்கு, வண்டி இனி ஓடப்போவது தமிழ்நாட்டில்.

புரோக்கர் சொல்லும் அந்த ஒரு வருடம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இல்லை. வண்டியின் உரிமையாளரே வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து 12 மாதத்துக்கு மேல் அங்கே வண்டியை வைத்திருந்தால் எண்ணை மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதுவும் எண் மாற்றத்துக்கான அவகாசம்தான், வரிக்கு விடுமுறை கிடையாது. நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள். அதனால் உங்களுக்குப் பொருந்துவது 50-வது பிரிவு: வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓசூரில் கே.ஏ. வண்டிகள் எவ்வளவோ ஓடுகின்றன, அதைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம்.

சரி, எவ்வளவு வரும்? தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: அந்தச் சதவீதம் நீங்கள் கொடுக்கும் 4 லட்சத்துக்கு அல்ல, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலைக்கு. உங்கள் கார் இன்று புதிதாக இருந்தால் வரி 97,500 ரூபாய். ஆறு வயதை நெருங்கும் வண்டிக்கு அதைவிடக் குறைவாக வரும். மச்சான் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு ஓசூர் அலுவலகத்துக்குப் போய், இந்த வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் விலை பேசுங்கள். அந்தத் தொகையைக் கூட்டினால் வருவதுதான் காரின் உண்மையான விலை. அதே விலைக்கு டி.என். எண்ணில் இதே மாடல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சொந்தக்காரர் வண்டி என்பதற்காக இந்த ஒப்பீட்டை விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு பணம் இருக்கிறது, பலரும் கேட்காமலே விட்டுவிடுவது. வண்டி கர்நாடகத்தை விட்டு நிரந்தரமாகப் போனால், அங்கே கட்டிய லைஃப் டேக்ஸில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு உரிய பங்கைத் திருப்பிக் கேட்கலாம். இங்கே மறுபதிவு முடிந்த பிறகு, பழைய ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும். அலைச்சல் உண்டு, ஆனாலும் விடக்கூடிய தொகை இல்லை. அது யாருக்கு என்பதை இப்போதே பேசி எழுதிவையுங்கள். குடும்பத்துக்குள் கசப்பு வருவது பெரும்பாலும் இப்படிப் பேசாமல் விட்ட பணத்தில்தான்.

அலுவலக வேலையில் முதலில் வேண்டியது தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. படிவம் 28-ல் உங்கள் மச்சான் தன் ஆர்.டி.ஓ.வில் கேட்க வேண்டும். கடன் முடிந்தது என்கிறீர்கள், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெங்களூரு டிராஃபிக் அபராதம் பாக்கி இருந்தால் அதையும் முதலில் அடைக்கச் சொல்லுங்கள். பிறகு 29, 30, 27 படிவங்களோடு ஓசூரில் பெயர் மாற்றமும் புது எண்ணும் வாங்கலாம்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. சிக்குவது உங்கள் மச்சான்தான். மற்றபடி சொந்த உபயோகக் காரை விற்பதில் அவருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. தனி நபர்கள் இருவருக்குள் நடப்பதால் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

இதை அவரிடமும் படித்துக் காட்டுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொன்னது எடுபடவில்லை.

இன்ஷூரன்ஸை வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, காரோடு வராது, அது மச்சானுடையது. அவர் அடுத்து வாங்கும் காருக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். பாலிசி மாறும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.