ஊசித்துளை விழுந்த சுரைக்குடுக்கை

கேள்வி: மகளின் பள்ளித் தாளக் குழுவுக்காக இணையக் கடை ஒன்றில் 180 வெள்ளிக்குச் 'சேக்கரே' என்னும் சுரைக்குடுக்கைத் தாளக் கருவி வாங்கினேன். மூன்றே வாரத்தில் அதன் அடியில் ஊசித்துளைகள் தெரிகின்றன. குலுக்கினால் மாவு போல் தூள் கொட்டுகிறது. விற்றவரோ, "இயற்கைப் பொருள் அப்படித்தான் இருக்கும், திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். பணம் போனது போனதுதானா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தத் தூளைக் கூட்டி எறிந்துவிடாதீர்கள், அம்மா. உங்கள் சாட்சியே அதுதான். துளைகளோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

சேக்கரே மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் கருவி. காய்ந்த சுரைக்குடுக்கையைச் சுற்றி மணி கோத்த வலை இருக்கும். குலுக்கினால் மணிகள் ஓட்டில் உரசும். அடியில் உள்ளங்கையால் தட்டினால், காம்புப் பக்கம் திறந்திருக்கும் வாய் வழியாகக் கனத்த ஒலி எழும். நம் பாட்டிமார் விதை போட்டு வைத்த அதே குடுக்கைதான். சதையை நன்றாகச் சுரண்டிக் காயவைத்தால் பல ஆண்டு உழைக்கும். சுரண்டாமல் விட்டால் உள்ளே பூஞ்சையும் வண்டும் குடியேறும்.

நிறத்தில் திட்டு, உருவத்தில் கோணல் எல்லாம் இயற்கை. அதற்கு நான் உங்கள் பக்கம் பேசமாட்டேன். ஊசித்துளை வேறு. வண்டு வளர்ந்து வெளியேறிய வழி அது. முட்டையிலிருந்து அந்த நிலைக்கு வரப் பொதுவாக மூன்று வாரம் போதாது. ஆகவே வண்டு உங்கள் வீட்டில் ஏறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குடுக்கையோடுதான் வந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'திரும்ப எடுப்பதில்லை' என்று எழுதி வைப்பதால் அந்தப் பொறுப்பு நீங்காது. ஆனால் நாளைக் கடத்தினால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை நழுவக்கூடும். இன்றே எழுத்து வடிவில் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம்.

அதுவரை குடுக்கையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அரிசி பருப்புக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வண்டுக்கு இசையும் சமையலும் ஒன்றுதான்.

அடுத்த முறை நேரில் வாங்குங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரையில் பார்த்த சுரைக்காய் தாளத்துக்கும் உதவாது. கைப்பேசி விளக்கை வாய்க்குள் அடித்து, நார் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தைச் சுற்றி விரலால் தடவினால் விரிசல் அகப்படும். வலை சற்றுத் தளர்வாக இருக்கட்டும். இறுகியிருந்தால் மணி நகராது. கண்ணாடியிழையில் செய்ததும் கிடைக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு அது தாங்கும், பள்ளிப் பிள்ளைக்கு அதுவே போதும். அதைச் 'சுரைக்குடுக்கை' என்று சொல்லி விற்றால் மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: கைக்கு ஒன்றாகப் பிடித்துக் குலுக்கும் கிலுகிலுப்பையான மரக்காஸ் ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்று கீச்சென்றும் மற்றொன்று தடித்தும் ஒலிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இல்லை, ஐயா. நல்ல ஜோடி அப்படித்தான் இருக்கும்; ஒரு கைக்கு மேல் ஒலி, மறு கைக்குக் கீழ் ஒலி. கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருந்தால், அவர் சிரமப்பட்டு ஒரே ஒலியில் இரண்டைத் தேடிக் கொடுத்து உங்களை நட்டப்படுத்தியிருப்பார்.