கார் ஷெட்டில் காபி வறுக்கலாமா? வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆசை: வீட்டைவிட்டுத் தள்ளி நிற்கும் கார் ஷெட்டைக் காபி வறுக்கும் அறையாக்க வேண்டும். எல்லோரும் எந்த மெஷின் நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மெஷினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். புகை எந்த வழியாகப் போகும், ஈரம் எந்த வழியாக வரும் என்பது தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

பழைய கார் ஷெட், தகரக் கூரை. நடுவில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி இருக்கிறது. ஒரு கிலோ வறுக்கும் கேஸ் ரோஸ்டர் வைக்க என்னென்ன செய்ய வேண்டும்? (அஸ்தம்பட்டி வாசகர்)

முதல் வேலை, அந்தக் குழியைத் தூர்ப்பது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். பலகை போட்டு மூடினால் போதாது. மண்ணும் ஜல்லியும் கொட்டிக் கெட்டித்து, மேலே கான்கிரீட் போடுங்கள். சிலிண்டர் வெளியே நிழலில் நிற்கட்டும். சுவரில் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் வையுங்கள். கூரைக்கு அருகே மட்டும் ஜன்னல் இருந்தால் கசிந்த கேஸ் வெளியேறாது.

அடுத்தது தரை. பல வருடம் கார் நின்ற தரையில் என்ஜின் ஆயில் ஊறியிருக்கும். பச்சைக் காபிக் கொட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. பெட்ரோல் கேனுக்கு அருகில் கிடந்த மூட்டையை எவ்வளவு கருக வறுத்தாலும் அந்த நெடி டம்ளர் வரை வரும். கறை பிடித்த மேல்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி டைல்ஸ் ஒட்டுங்கள். அதன் பிறகு, மழைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டுகூட ஸ்கூட்டரை உள்ளே விடக் கூடாது. வீட்டில் யார் கேட்டாலும் சரி.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் புகைபோக்கி. சூடேறும்போது கொட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் உரிந்து பறக்கும். உலர்ந்த சருகு அது, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். புகையில் உள்ள எண்ணெய்ப் பசையோ குழாயின் உட்சுவரில் கறுப்பாகப் படியும். இரண்டும் ஒரே குழாயில் சேரவிட்டால் நீங்களே தீக்கு விறகு அடுக்கி வைத்ததாகிவிடும். ஆகவே மெஷினுக்கும் குழாய்க்கும் நடுவே சருகைப் பிரிக்கும் சைக்ளோன் வேண்டும். குழாயில் வளைவுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவிலும் திறந்து சுரண்டி எடுக்க ஒரு மூடி இருக்கட்டும். கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் மரச் சட்டத்தைத் தொடக் கூடாது. வாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். பிவிசி குழாய் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது, உருகிவிடும்.

தகரக் கூரையின் சூட்டுக்குப் பயந்து தெர்மாகோல் சீலிங் அடிக்கிறார்கள். புகைபோக்கி இருக்கும் அறையில் அது ஆபத்து. கூரைக்கு மேலே வெள்ளைப் பூச்சு, கீழே ராக்வூல் என்ற எரியாத கல்நார்ப் பஞ்சுப் பலகை அல்ல, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு போதும். சித்திரையில் விடியற்காலையிலேயே வறுவலை முடித்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ரோஸ்டரில் கொட்டை சுழலும் டிரம்முக்குள் தீப்பிடித்தால் பதறிப்போய்க் கதவைத் திறந்து கொட்டையை வெளியே தள்ளாதீர்கள். காற்றுப் பட்டதும் தீ பெரிதாகும். சூட்டையும் காற்றையும் நிறுத்தி, மூடியே வையுங்கள். தீயணைப்பான் ரோஸ்டருக்குப் பின்னால் அல்ல, வாசலுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும்.

பீர் காய்ச்சும் பாத்திரங்களுடன் வெளிநாட்டிலிருந்து திரும்பியிருக்கிறேன். அங்கே கராஜில் சொந்த உபயோகத்துக்குத் தயாரித்தேன். இங்கே செய்யலாமா? (சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்)

கூடாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், சொந்தக் குடிக்கென்றாலும் குற்றம்தான். அதுவும் எந்த ஊரில் இருந்து கேட்கிறீர்கள்! ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்ததே சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. பாத்திரங்களை விற்க வேண்டாம். பீருக்கு வைத்திருந்த, குழாய் வைத்த ஸ்டீல் டிரம்மில் நறநறப்பாக அரைத்த காபிப் பொடியைக் குளிர்ந்த நீரில் ஊறப் போட்டு, டிரம்மோடு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் வடித்தால் அருமையான கோல்ட் ப்ரூ, அதாவது சுட வைக்காமல் இறக்கிய காபி.

சொந்தத் தோட்டத்துக் கொட்டையை ஷெட்டில் மூட்டையாக அடுக்கி வைத்தேன். ஐப்பசியில் பிரித்தால் வெளிறிப்போய்ப் பூசண வாடை. வறுத்தால் சரியாகிவிடுமா? (நாகலூர், ஏற்காடு)

ஆகாது. சில பூசணங்கள் விடும் நஞ்சு வறுவல் சூட்டில் முழுதாக அழிவதில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த மூட்டையைக் கழித்துவிடுங்கள்.

கீழே சேலத்தில் எதிரி வெயில், உங்களுக்குப் பனிமூட்டம். நன்றாகக் காய்ந்த கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள்: காய்ந்திருந்தால் பல் வழுக்கும், தடம் பதியாது. ஈரம் ஏறியிருந்தால் பல் பதிந்து அமுங்கும். பச்சை கலந்த நீல நிறம் போய் ஓரம் வெளுப்பது அடுத்த அறிகுறி.

மூட்டையைச் சிமெண்ட் தரையில் நேராக வைக்காதீர்கள், அடியில் மரச் சட்டம் போடுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சாக்குக்குள் கனமான பிளாஸ்டிக் உறை வேண்டும். முடிந்தால் கொட்டையை மூடியிருக்கும் கெட்டியான உள்தோலை (பார்ச்மென்ட்) வறுக்கப்போகும் நாள்வரை நீக்காமல் அப்படியே வையுங்கள், அதுவே ஒரு கவசம். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டி, அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே அறையில் வெந்நீர் கொதிக்க வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இத்தனை காலமும் பச்சைக் கொட்டையாகவே மூட்டை கட்டிக் கீழே இறக்கினோம். விளைந்த இடத்திலேயே வறுக்க ஒருவர் கிளம்பியிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

3,000 வாட் மின்சார ரோஸ்டர். வீட்டு ப்ளக்கிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமா? (கொண்டலாம்பட்டி)

வேண்டாம். 3,000ஐ 230ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். அதுவும் விடாமல் ஓடும் சுமை, கூடவே அரவை மெஷினும் எக்ஸாஸ்டும் இருக்கும். வீட்டு மெயின் போர்டிலிருந்து தனிக் கேபிளைக் குழாய்க்குள் புதைத்துக் கொண்டுவந்து, ஷெட்டில் ஒரு சிறு போர்டு வையுங்கள். சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த்திங் மூன்றும் அவசியம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: மின்னழுத்தம் 230லிருந்து 200க்கு இறங்கினால் ரோஸ்டரின் சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். வறுவல் இழுத்துக்கொண்டே போய்ச் சுவை மந்தமாகும். மாலையில் வோல்டேஜ் குறையும் தெருவென்றால் அந்நேரம் வறுக்காதீர்கள்.

சேலத்தில் திடமாக இறங்கும் அதே பொடி, ஏற்காடு வீட்டில் சப்பென்று இருக்கிறதே?

பொடி மேல் பழி இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபில்டரை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குங்கள், கொதி அடங்குவதற்குள் ஊற்றுங்கள், பொடியைச் சற்று நைசாக அரையுங்கள்.

வறுத்ததைப் பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறேன். சிக்கரி கலக்கலாமா? (அம்மாபேட்டை வாசகி)

கலக்கலாம், ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். விற்பனை என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும், வீட்டுச் சிலிண்டரைத் தொடக் கூடாது. வறுத்த கொட்டை சில நாள் வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். உடனே இறுக்கி ஒட்டினால் உறை உப்பிவிடும். ஒருவழி வால்வு வைத்த உறையை வாங்குங்கள். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. வறுத்தது குவிந்து கிடக்கும் அறையை அடைத்துவிட்டு, வேலையாளை அங்கேயே இரவு படுக்கச் சொல்லாதீர்கள்.