பேரவைத் தொடக்க நாளும் புத்தாண்டு விடுமுறையும்

வணக்கம். அமெரிக்க மாநிலப் பேரவை "ஜனவரி முதல் புதன்" கூடும் என்று விதி எழுதினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. முதல் புதன் 1 முதல் 7 வரை எதிலும் விழலாம். 2020, 2025 இரண்டிலும் ஜனவரி 1 புதன்தான்.

நியூயார்க் மாநில அரசமைப்பின் சொற்களைப் பாருங்கள்: "முதல் திங்களுக்குப் பின்வரும் முதல் புதன்". முதல் திங்கட்கிழமை ஜனவரி 1 முதல் 7 வரை வரும், ஆகவே புதன் 3 முதல் 9 வரை. புத்தாண்டில் விழவே முடியாது. 2025இல் 8ஆம் தேதி வந்தது. மிக நேர்த்தியான வாசகம் இது.

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமையை மட்டும் வைக்காதீர்கள், அது மார்ட்டின் லூதர் கிங் நினைவாக அமெரிக்காவில் விடுமுறை. ஹவாய் மாநிலப் பேரவை ஜனவரி மூன்றாம் புதனில் கூடுகிறது. அது எப்போதும் அந்த விடுமுறைக்குப் பிறகுதான் வரும் என்று நினைக்க வேண்டாம்: 2025இல் கூட்டம் 15, விடுமுறை 20. பேரவை எத்தனை நாள் கூடலாம் என்று வரம்பு வைத்தால், ஹவாய் போல விடுமுறைகள் கணக்கில் சேராது என்றும் எழுதிவிடுங்கள்.