குடலுக்குள் வெள்ளை நாடா

கேள்வி: புல்கெண்டையை அறுத்தபோது குடலுக்குள் வெள்ளை நாடா மாதிரி ஏதோ நெளிந்தது. அருவருப்பில் மீனையே தூக்கிப் போட்டுவிட்டேன். சமைத்திருந்தால் எங்களுக்கும் தொற்றியிருக்குமா?

பதில்: தொற்றியிருக்காது. மீன் குடல்களோடு காலம் தள்ளுகிறவன் என்பதால், அந்த மீனை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆசிய மீன் நாடாப்புழுவாக இருக்கும். 1934-ல் ஜப்பானில் யமகுட்டி என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் விவரித்த புழு இது. வளர்ப்புக்காகப் புல்கெண்டையை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். புழுவும் கூடவே போய்விட்டது.

அதன் தலையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதய வடிவம், இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஆளுக்கொரு பிளவு. அந்தப் பிளவுகளால் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு தொங்கும். வாயும் கிடையாது, குடலும் கிடையாது. மீன் செரித்து வைத்ததைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். முட்டைகள் மீனின் கழிவோடு நீருக்கு வரும். பொரிந்து நீந்தும் இளம்புழுவை சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீருயிரி தின்னும், சைக்ளாப்ஸை மீன் தின்னும். அவ்வளவுதான் சுற்று. மீன்தான் அதன் கடைசி வீடு. நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெரிய மீன் எப்படியோ சமாளித்துவிடும். மீன்குஞ்சுகள் பாவம், குடல் அடைத்தே செத்துப்போகும்.

நீங்கள் பயப்பட வேண்டிய புழு வேறு. அது குடலில் இல்லை, சதையில் இருக்கும். வடக்கே குளிர்நாட்டு ஏரிகளில் பைக், பெர்ச் மீன்களின் சதைக்குள் இளம்புழுவாகக் காத்திருக்கும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவர் குடலில் 10 மீட்டர் வரைகூட வளரும். உடம்பில் சேர வேண்டிய பி12 வைட்டமினையும் பிடுங்கிக்கொள்ளும். மீனின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸ் எட்டும்படி வேகவைத்தால் செத்துவிடும். பச்சையாகத்தான் சாப்பிடுவேன் என்பவர் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்துவிட்டுச் சாப்பிடட்டும்.

கேள்வி: வயிறு புடைத்த ஒரு சிறு கெண்டை. சினை என்று ஆசையாக அறுத்தால், உள்ளே தட்டையான புழு! இது எப்படி?

பதில்: குடல் கிழியாமல் இருந்ததா? அப்படியானால் புழு இருந்தது குடலுக்கு வெளியே, வயிற்றறையில். லிகுலா என்று பெயர். இது இளம்புழு; மீனுக்குள் முதிர்ச்சி அடையாது. மீன்தின்னிப் பறவையின் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே சில நாளே வாழ்ந்து முட்டையிடும். அதுவரை மீனைச் சினை வைக்கவும் விடாது. புழு புகுந்த மீன் நீர்மட்டத்துக்கு அருகிலேயே திரியும், கொக்கும் நீர்க்காகமும் சுலபமாகக் கொத்திக்கொண்டு போகும். யாருக்கு லாபம் என்று பாருங்கள்! மனிதருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனாலும் அந்த மீனைக் குழம்பு வைக்க எனக்கே மனசு வராது.

கேள்வி: தொட்டி மீன்களுக்கு உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு போடுகிறேன். அதிலிருந்து நாடாப்புழு வருமா?

பதில்: வரலாம். கெண்டை, கெளுத்தி இனங்களில் கணுக்களே இல்லாத ஒருவகை நாடாப்புழு உண்டு. அதன் இளம்பருவம் வளர்வதே டியூபிஃபெக்ஸ் போன்ற சேற்றுப்புழுக்களுக்குள்தான். அலசிப் போட்டாலும் பயனில்லை, அது புழுவின் உடம்புக்குள்ளே இருக்கிறது. தீனியை மாற்றுங்கள். ஏற்கெனவே மீன் மெலிந்து, கழிவில் வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தால் பிரசிகுவாண்டல் என்ற மருந்து இருக்கிறது. அளவை மட்டும் மீன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.