நடவுக்கு ஏன் ஆள் வரவில்லை?

கேள்வி: எங்கள் ஊரில் நடவுக்கும் களை எடுக்கவும் ஆள் கிடைப்பதே இல்லை. நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டன. இளவட்டங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், வயசானவர்கள்தான் மிச்சம். கிராமத்தை அரசாங்கமே அழித்துவிட்டது என்று எழுத ஏன் தயங்குகிறீர்கள்?
(ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: தயக்கமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வது தப்பு என்று நினைக்கிறேன், அதனால் எழுதவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே, திருச்சி நெடுஞ்சாலையில் அரசூர் பக்கம் இருவேல்பட்டு இருக்கிறது. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களைக் கணக்கெடுத்தார், அதில் இந்த ஊரும் ஒன்று. அப்புறம் 1930-களில், 1981-ல், 2008-ல் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போயிருக்கிறார்கள். ஒரு கிராமத்தின் நூறு வருஷத்தை ஊகம் இல்லாமல் பேச இப்படி ஓர் ஊர் கிடைப்பது அபூர்வம்.

ஸ்லேட்டர் காலத்தில் அங்கே படியாட்கள் இருந்தார்கள். கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கைநீட்டி வாங்குவது, அந்தக் கடன் அடையவே அடையாது, அப்பன் வாங்கியது மகன் தலையில், மகனுக்கு அப்புறம் பேரன் தலையில். நிலத்தை விற்றால் அந்தக் குடும்பமும் நிலத்தோடு சேர்ந்து கைமாறியது. அப்போது நடவுக்கு ஆள் இருந்தது, உண்மைதான். எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் பழைய கிராமத்தைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

2008-ல் போனவர்கள் கண்டது வேறு ஊர். பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்திருந்தது, விவசாயத்துக்கு வெளியே வேலை பெருகியிருந்தது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை முதலில் ஆரம்பித்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் உண்டு. நாளுக்கு 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயலில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு குறைந்த கூலி காலங்காலமாக நடந்துவந்த இடத்தில் இது வந்ததும் கூலி ஏறியது, காலனி ஜனங்கள் வயல்வேலையையே நம்பிக் காத்துக்கிடப்பதும் குறைந்தது. இதையா சோம்பேறித்தனம் என்கிறீர்கள்? அந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. பெயர்தான் நூறு நாள், ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது அதில் பாதியை ஒட்டித்தான். மிச்ச நாளெல்லாம் அவர்கள் படுத்துத் தூங்கியா சாப்பிட்டார்கள்?

இன்னொன்று, வெறும் தலைக்கணக்கு. 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். முன்பு ஒரு வீட்டிலிருந்து நாலைந்து பேர் வயலுக்கு வந்தார்கள் என்றால் இன்று அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகின்றன, பையன் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ முடித்ததும் சென்னைப் பக்கம் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வண்டி ஏறுகிறான். ரேஷன் அரிசியை நாளைக்கே நிறுத்தினாலும் அவன் உங்கள் நாற்றங்காலுக்குத் திரும்பி வரப்போவதில்லை.

சரி, ஊரை விட்டு முதலில் போனவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். படித்தார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள், சென்னையில் வீடு கட்டினார்கள். ஊரே பெருமைப்பட்டது, படுவதில் தப்பும் இல்லை. அதையே கூலிக்காரர் மகன் செய்தால் கிராமம் அழிந்துவிட்டது என்று பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு உரத்துக்கும் டிராக்டருக்கும் அறுவடை மிஷினுக்கும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, நெல்லை மட்டும் வேறு யாரோ வைத்த விலைக்கு விற்கிறீர்கள். மிஷின்காரரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லி ஜெயிக்க முடியாது என்பதால், குனிந்து நாற்று நடுகிற பெண்ணின் கூலிதான் கண்ணை உறுத்துகிறது. சண்டை போட வேண்டியது நெல் விலைக்காக. கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைகிறதே, அதற்காக. அந்தச் சண்டைக்கு இந்தப் பத்திரிகையில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தருகிறேன்.

வயசானவர்கள்தான் மிச்சம் என்றீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. மகன் வெளியூரில், மருமகளும் அங்கேயே, தனியாக இருக்கிற அம்மாவுக்கு மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோவுக்கும் அது எத்தனை நாள் வரும்? உங்கள் தெருவில் அந்தத் தொகையே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.