வெவ்வேறு ஊர்ச் சமையலை வீட்டில் செய்து, சமையல் ஆர்வமுள்ள மற்றவர்களோடு பகிர்ந்துகொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. முதல் அனுபவமே கசப்புதான். நிஜமாகவே நாக்கில் கசந்தது.

நான் திருநெல்வேலிக்காரன், பெங்களூரில் குடியிருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்டில் சமையல் பைத்தியங்கள் ஆறு வீட்டில் இருக்கிறோம். யாருக்கும் அது தொழில் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஒருவர் வீட்டில் கூடுவோம். சொந்த ஊர்ச் சமையலைக் கொண்டுவரக் கூடாது, கூட்டத்தில் இருக்கும் இன்னொருவர் ஊர்ச் சமையலைத்தான் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பரீட்சை எழுதியவர் பக்கத்திலேயே பேப்பர் திருத்துகிறவர் தட்டோடு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு முதலில் வந்தது வங்காளத்துக் கடுகு மீன். நம் வீட்டில் கடுகு என்றால் எண்ணெயில் வெடிக்க வேண்டியது, அவ்வளவுதான். அங்கே அதுவே குழம்பு. எதை அரைத்தாலும் வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும் என்று அம்மா சொல்லி வளர்ந்தவன் நான். கருங்கடுகை மிக்ஸியில் போட்டு, ஜார் சூடாகும்வரை ஓட்டினேன். கட்லா துண்டுகளைப் பொரித்துப் போட்டு, நம் மீன்குழம்பு போலவே நன்றாகக் கொதிக்கவும் விட்டேன். கல்கத்தா தீதி (வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மீன் ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றார். குழம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவரே ஒரு கிண்ணத்தில் கடுகை ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பு பாதி, மஞ்சள் பாதி. அரைக்கும்போதே பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்து, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று. அவ்வளவுதான், கொஞ்சம் நறநறவென்றே இருக்கட்டும் என்றார். அதிகம் அரைத்தால் கசக்கும். நெடுநேரம் கொதித்தால் காரமும் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். கடைசியில் பச்சைக் கடுகெண்ணெய் ஒரு ஸ்பூன் மேலே விட்டு மூடிவிட வேண்டும். மூடியைத் திறந்தபோது அந்த நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இதை ஏன் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை?" என்றேன். "இதெல்லாம்கூடச் சொல்லணுமா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அதிக நாள் வாய்ப்பு இருக்கவில்லை. அடுத்த மாதமே மலையாளி நண்பர் எங்கள் ஊர்ச் சொதி செய்ய ஆசைப்பட்டார். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடும் அதே சொதிதான். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், மூன்று தேங்காய்ப் பால் என்று பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். எலுமிச்சைச் சாறும் அதில் இருந்தது. சேட்டன் முதல் பாலை ஊற்றி, சாறையும் பிழிந்து, தளதளவென்று கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். திரிந்து, மோர் உடைந்த மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். அதை நான் எழுதவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. பார்த்துப் பார்த்துக் கையில் வந்தது. தீதி கேட்ட அதே கேள்வி என் வாயிலும் வரப் பார்த்தது, விழுங்கிவிட்டேன்.

(அன்று சொதியைவிடப் பெரிய சண்டை, "இது எங்கள் இஷ்டுதானே?" என்று, தேங்காய்ப் பாலில் செய்யும் கேரளத்து ஸ்ட்யூவைச் சொல்லி அவர் ஆரம்பித்ததில். பாசிப்பருப்பு இல்லாதது எப்படிச் சொதியாகும்? இன்னும் தீரவில்லை.)

ஆகவே, நீங்கள் இப்படி ஒரு கூட்டம் சேர்க்க நினைத்தால் நான் சொல்வது இதுதான்: உங்கள் ஊர்ப் பதார்த்தத்தை நீங்களே செய்து கொண்டுபோனால் பாராட்டு கிடைக்கும். இன்னொருவரைச் செய்யவிட்டு அது கெட்டுப்போகும்போதுதான், குறிப்பில் நீங்கள் எழுதாமல் விட்டது எது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, பாத்திரத்தின் மேல் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பன்றிக்கறி, மாட்டுக்கறி, வெங்காயம் பூண்டு எல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெருங்காயம் நினைவிருக்காது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். எங்களில் ஒருவருக்குக் கோதுமை ஆகாது. சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறோம். இப்போது அவருக்காக, பெருங்காயம் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

அளவு விஷயத்திலும் நம் கைப்பழக்கத்தை நம்பக் கூடாது. குடகுப் பன்றிக்கறிக்குக் கச்சம்புளி என்று கெட்டியான கறுப்புச் சாறு ஒன்று ஊற்றுவார்கள். நம் புளிக்கரைசல் நினைப்பில் ஊற்றினால் பல் கூசிவிடும், ஸ்பூன் கணக்குதான். கசகசா நேர்மாறு. குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடும் நமக்கு, வங்காளிகள் உருளைக்கிழங்குக்கு அரைக் கப் அரைத்துப் போடுவதைப் பார்த்தால் மயக்கம் வரும். கசகசா விற்கிற விலைக்கு வேறு காரணமும் வேண்டாம்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள் இல்லையா? அதைத் தெரியாமல் ஒருநாள் தீதியிடம் சொல்லிவிட்டேன். அவருடைய எவர்சில்வர் டப்பா மூன்று வாரமாக என் அடுப்படியில் இருக்கிறது. நேற்று லிஃப்ட்டில் பார்த்தபோது, "டப்பா பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். இந்த ஞாயிறு ஆலு போஸ்தோ, அதுதான் அந்த உருளைக்கிழங்கு கசகசா, செய்து பார்க்கலாம் என்று கசகசா ஊறப்போடப் போகிறேன்.