மே கடைசியில் இலங்கையில் திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸ சரியான இடமா?

உங்கள் கேள்வி இது: மே கடைசி வாரம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு இலங்கை வருகிறீர்கள். அறுபது தாண்டிய பெற்றோரும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். நீலத் திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டுத் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் அறை பார்த்து வைத்திருக்கிறீர்கள். அது சரியான காலமா?

இல்லை. அந்த அறையை ரத்துசெய்ய முடிந்தால் இன்றே செய்துவிட்டுக் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலையில் அறை எடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் கண்டிக்காரன், மலையில் வளர்ந்தவன். 2017 ஜூலையில் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளையும் மிரிஸ்ஸவுக்கு அழைத்துச் சென்றேன். “கடல் கொஞ்சம் ஆடும், பயப்பட ஒன்றுமில்லை” என்று சொல்லித்தான் படகுக்காரர்கள் பணம் வாங்கினார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டிய பத்தாவது நிமிடத்தில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, அடுத்த கணம் தண்ணீரைப் பார்த்தது. அம்மா கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர், கரைக்குத் திரும்பும் வரை திறக்கவே இல்லை. பிள்ளைகள் மாறி மாறி வாந்தி எடுத்தார்கள். அலையின் வெள்ளை நுரையில் திமிங்கிலத்தின் மூச்சு எது என்று பிரித்தறியவே முடியவில்லை.

என் மனைவியின் சித்தப்பா திருகோணமலை உப்புவெளியில் மீன்பிடிப்பவர். இதைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “கச்சான் வீசும் மாதத்தில் தென்கரையில் என்ன வேலை, மருமகன்?”

அந்தக் கேள்வியில் எல்லாமே அடங்கியிருந்தது. இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கிலங்களில் பல, மற்ற பெருங்கடல்களில் உள்ளவற்றைப் போல் துருவத்துக்குப் போய் வருவதில்லை. ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே சுற்றுகின்றன. ஆகவே திமிங்கிலம் எப்போது வரும் என்பதைவிட, நம்மால் எந்தக் கரையிலிருந்து கடலுக்குள் போக முடியும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தெற்கிலும் மேற்கிலும் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அதே காற்றைத்தான் கிழக்கில் கச்சான் என்கிறார்கள். அங்கே அது நிலத்தைக் கடந்து வந்து கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் விடியற்காலையில் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். கிழக்கு கலங்கும், தெற்கு அடங்கும்.

மிரிஸ்ஸவுக்கு உரிய காலம் டிசெம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. அருகில் உள்ள தெவுந்தர முனைக்குத் தெற்கே கடலடி கரைக்கு மிக அருகிலேயே ஆழத்துக்குச் சரிகிறது. திமிங்கிலங்கள் அந்தச் சரிவை ஒட்டித்தான் இரை தேடுகின்றன. அவற்றின் முக்கிய இரை நம் கூனி இறாலின் இனத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு இறால்கள் என்று இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸின் குழு 2018இல் எழுதியது. சந்தையில் கைப்பிடி அளவில் வாங்கும் கூனியின் இனத்தைத் தின்றா இவ்வளவு பெரிய உடல் வளர்கிறது என்று நான் இன்றும் வியக்கிறேன்.

திருகோணமலையிலும் அதே ஆழம் இருக்கிறது. மகாவலி ஆறு கலக்கும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் திமிங்கிலங்களைத் தேடினார்கள். பிறகு போர் வந்தது. திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலாப் படகுகள் இங்கே பரவலாக ஓடியது 2009இல் போர் முடிந்த பிறகுதான்.

2018 ஜூன் மாதம் அம்மாவைத் திருகோணமலைக்கு அழைத்துப் போனேன். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் சிறிய ஃபைபர் படகில் காலை ஆறு மணிக்கு நிலாவெளியிலிருந்து கிளம்பினோம். முதல் நாள் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், மட்டும்தான். இரண்டாம் நாள் ஏழரை மணியளவில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். முதலில் காதில் விழுந்தது மூச்சுதான், லாரியின் காற்று பிரேக்கை விடுவித்தது போல. பிறகு கருநீலத் தண்ணீருக்குள் ஒரு பகுதி மட்டும் வெளிர்பச்சையாக மாறியது. அந்தப் பச்சை நீண்டுகொண்டே போனது. முதுகு எழுந்தது, வால் உயர்ந்தது, ஒரு துளி சத்தம் இல்லாமல் உள்ளே போனது. அது மூழ்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல ஒரு வழவழப்பான வட்டம் வெகுநேரம் கலையாமல் நின்றது. அம்மா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

மார்ச் மாத மிரிஸ்ஸவில் கிடைக்கும் உறுதி மே, ஜூன் திருகோணமலையில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை வெறுமனே திரும்ப நேரலாம். ஆகவே இரண்டு காலைகளை ஒதுக்குங்கள். கச்சான் பலமாக வீசும் நாட்களில் இங்கும் நேரம் ஏற ஏறக் கடல் கரடுமுரடாகும், ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். சிறிய படகுகளில் நிழல் இருக்காது. தொப்பி, தண்ணீர், பெரியவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே வாந்தித் தடுப்பு மாத்திரை, மகளின் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி ஆகியவற்றை முதல் நாள் மாலையே உறுதிசெய்துகொள்ளுங்கள். திமிங்கிலத்தைத் துரத்த மாட்டேன், நூறு மீட்டர் தள்ளியே நிறுத்துவேன் என்று சொல்பவரின் படகையே எடுங்கள். துரத்தினால் அது மூழ்கிவிடும், நாமும் பார்க்க முடியாது.

அப்பா அம்மாவுக்குப் படகு ஒத்துவராது என்று தோன்றினால் கோணேசர் கோவிலுக்கு அதிகாலையில் அழைத்துச் செல்லுங்கள். கோவில் நிற்கும் சுவாமிப் பாறையின் உச்சியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தால், அதிர்ஷ்டம் இருக்கும் நாளில் மூச்சு மேலெழுவதைக் கரையில் நின்றே காணலாம்.

பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் அடுத்த ஆண்டு மார்ச் கடைசியோ ஏப்ரல் முதல் வாரமோ வாருங்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் தெற்கும் கிழக்கும் ஒருசேர அமைதியாக இருக்கும். மேற்கே கற்பிட்டியில் எண்ணெய்த் திமிங்கில (ஸ்பெர்ம் வேல்) கூட்டங்களையும் அப்போதுதான் தேடிப் போகலாம். ஆனால் ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். படகோட்டிகள் பலர் வீட்டில் இருப்பார்கள், அறை வாடகையும் ஏறியிருக்கும்.